புரண்டு படுத்தால் சுற்றிய தலை: என் அனுபவம்

வலப்பக்கம் புரண்டால் போதும், அறையே சுழலும். அரை நிமிஷத்தில் நின்றுவிடும். நடக்கும்போது ஒன்றுமில்லை.

குன்னூரில் யாரிடம் சொன்னாலும் பித்தம் என்றார்கள். சுக்குக் காபி, இஞ்சிச் சாறு, நெற்றியில் நீலகிரித் தைலம், எதுவும் கேட்கவில்லை. பிரஷர் சரி. எக்ஸ்ரேயில் கழுத்தெலும்புத் தேய்மானம் என்று காலர் மாட்டினார்கள். (வயதானால் பலருக்கும் இருப்பதுதான்.) கழுத்தில் சொடக்கு எடுக்கவும் ஒருவர் தயாராக இருந்தார், நான் போகவில்லை.

ஊட்டியில் ஒரு பிசியோதெரபிஸ்ட்தான், “எந்தப் பக்கம் திரும்பினால் வருது?” என்று கேட்டார். தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, சட்டென மல்லாக்கச் சாய்த்து, என் கண்ணையே கவனித்தார். கருவிழி வெட்டி வெட்டித் துடித்ததாம். உட்காதின் சுண்ணாம்புத் துகள்கள் நழுவி, சமநிலையை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் போனால் இப்படி ஆகும்; எனக்கு வலக்காதில்.

அந்தத் துகள்களைக் குழாயிலிருந்து வெளியேற்ற அவர் செய்தது எப்லி முறை. சாய்ந்தபடியே தலையை இடப்பக்கம் 90 டிகிரி திருப்பி, பிறகு இடத்தோளில் ஒருக்களித்து முகம் தரையைப் பார்க்க வைத்து, ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிஷத்துக்கு மேல் நிறுத்தி, மெல்ல எழுப்பினார். நடுவில் ஒருமுறை பயங்கரமாகச் சுற்றியது. அன்றிரவே நிம்மதியாகப் புரண்டேன்.

பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கைகால் தளர்ச்சி சேர்ந்து வந்தால் இது வேறு; நேரே ஆஸ்பத்திரி. இடக்காது என்றால் திருப்புவதெல்லாம் எதிர்ப்பக்கம்.