கூகுளில் பக்கவிளைவுகளைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தப் போகிறீர்களா? கொஞ்சம் இருங்கள்

டாக்டர் புது மாத்திரை எழுதித் தருகிறார். பஸ்ஸில் வீடு திரும்பும்போதே அதன் பெயரை கூகுளில் போட்டு, வாசல்படி ஏறுவதற்குள் தலைவலி, தசைவலி, கல்லீரல் பாதிப்பு என்று எல்லாவற்றையும் படித்து முடித்துவிடுகிறோம். தேடிப் பார்ப்பதில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் பட்டியலைப் படிக்க ஒரு முறை இருக்கிறது.

முதலில், எத்தனை பேரில் ஒருவருக்கு வருகிறது என்று பாருங்கள். விரிவான மருந்துக் குறிப்புகளில் இதற்கென்று ஒரு கணக்கு உண்டு. 'மிகச் சாதாரணம்' என்றால் 10 பேரில் ஒருவருக்காவது வரும், 'சாதாரணம்' என்றால் 100 பேரில் ஒருவருக்காவது, 'அரிது' என்று போட்டிருந்தால் 1,000 பேரில் ஒருவருக்கும் குறைவு. இந்த எண் இல்லாத வெறும் பட்டியலை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

"ஆபத்து இரண்டு மடங்கு" என்று எங்காவது கண்ணில் பட்டால், எதிலிருந்து இரண்டு மடங்கு என்று உடனே கேளுங்கள். 1995 அக்டோபரில் பிரிட்டனில் சில வகை கருத்தடை மாத்திரைகளால் ரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்காகிறது என்று அரசுக் குழு எச்சரித்தது. உண்மையில் 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது இரண்டு பேருக்கு வரும், அவ்வளவுதான். பயந்துபோய் பலர் மாத்திரையை விட்டார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடின. இதில் கொடுமை என்னவென்றால், கர்ப்பத்தில் ரத்தம் உறையும் ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம்.

அடுத்தது, மாத்திரையைத் தொடுவதற்கு முன்பே ஒரு நோட்டு போடுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். தூக்கம் எப்படி, கால் வலிக்கிறதா, வயிறு எப்படி இருக்கிறது என்று முந்தைய சில நாட்களைக் குறித்து வையுங்கள், ஏனென்றால் ஏற்கெனவே இருந்த முட்டிவலியைக்கூட புது மாத்திரையின் தலையில் போடுவது நம் எல்லோருக்கும் வழக்கம். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் இதை அழகாகச் சோதித்தார்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையைப் பக்கவிளைவால் நிறுத்திய 60 பேருக்கு ஓர் ஆண்டில் நான்கு மாதம் ஸ்டேட்டின், நான்கு மாதம் மருந்தே இல்லாத போலி மாத்திரை, நான்கு மாதம் ஒன்றுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, தினமும் தொந்தரவுக்கு 100க்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். மாத்திரை இல்லாத மாதங்களில் சராசரி 8, போலி மாத்திரையில் 15.4, ஸ்டேட்டினில் 16.3! அதாவது ஸ்டேட்டின் சாப்பிட்டபோது கூடிய தொந்தரவில் சுமார் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் வந்தது. இந்த ஆய்வு 2020இல் வெளியானது. தங்கள் முடிவைப் பார்த்துவிட்டு அவர்களில் பாதிப் பேர் மறுபடி ஸ்டேட்டின் சாப்பிடத் தொடங்கினார்கள். அவர்கள் நடித்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை, வலி நிஜம்தான். வரும் வரும் என்று எதிர்பார்த்தாலே உடம்பு அப்படி உணர்கிறது, இதற்கு நோசிபோ என்று பெயர்.

மாத்திரை ஆரம்பித்த பிறகு தொந்தரவு வந்தால் தேதி, நேரம், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எவ்வளவு நேரம் இருந்தது என்று எழுதுங்கள். கூடவே எடுக்கும் வலிமாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் எதையும் விடாதீர்கள். டாக்டரிடம் "ஒத்துக்கலை" என்று மட்டும் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. நோட்டைக் காட்டினால் அளவைக் குறைக்கவோ வேறு வகைக்கு மாற்றவோ வழி பிறக்கும். ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரையில் சிலருக்கு வறட்டு இருமல் வரும், வேறு வகைக்கு மாற்றினால் போய்விடும். அம்லோடிபின் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையில் கணுக்கால் வீங்கலாம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையில் முதல் சில வாரங்கள் வயிற்றைக் கலக்கலாம், சாப்பாட்டோடு எடுத்தால் குறையும். டிபி மருந்தில் இருக்கும் ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும், அதனால் ஒரு கெடுதலும் இல்லை. அதைப் பார்த்து பயந்து டிபி மருந்தை நிறுத்தினால்தான் ஆபத்து, கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும்.

சில விஷயங்களுக்கு நோட்டெல்லாம் வேண்டாம். தோலில் கொப்புளத்தோடு தடிப்பு, வாயெல்லாம் புண், முகமோ உதடோ வீங்குவது, மூச்சுத்திணறல், கண் மஞ்சளாவது, இதில் எது வந்தாலும் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம், பலருக்குத் தெரியாத ஒன்று: பக்கவிளைவை நோயாளியே நேரடியாகப் புகார் செய்யலாம். 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் தலைமை மையம் காசியாபாத்தில் இருக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு வேலை நாட்களில் பேசலாம், தமிழிலேயே படிவமும் உண்டு. அந்த மருந்துதான் காரணம் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் இருந்தாலே போதும். பேட்ச் எண் தெரிந்தால் நல்லது. நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் அட்டையை நாலு நாலாக வெட்டித் தருவதால் அந்த எண் பெரும்பாலும் மற்ற துண்டோடு போய்விடும், அதனால் பில்லைக் கேட்டு வாங்குங்கள், அதில் அச்சடித்திருக்கும்.