கடுங்குளிரில் வில்வேட்டை: டிசம்பர் மானுக்குத் தயாராவது எப்படி?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வில்லால் மான் வேட்டையாடும் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் 31 வரை நீடிக்கும். செப்டம்பரில் மெல்லிய சட்டையோடு சுலபமாக இழுத்த வில், மைனஸ் 15 டிகிரியில் அசையவே மறுக்கும். இரண்டு மணி நேரம் மரத்தில் கட்டிய இருக்கையில் உட்கார்ந்து தோள் விறைத்த பிறகும் சத்தமில்லாமல், நிதானமாக நாணை இழுக்க முடியவேண்டும். எல்லாத் தயாரிப்பும் அதற்காகத்தான்.

முதலில் இழுவிசையைக் குறையுங்கள்

காம்பவுண்ட் வில்லின் (இரு முனையிலும் சக்கரம் வைத்த நவீன வில்) மேல், கீழ்த் தகடுகளைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளையும் ஒரே அளவு தளர்த்துங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 2 முதல் 3 பவுண்டு குறையும். தயாரிப்பாளர் சொன்ன வரம்பைத் தாண்டித் தளர்த்தவே கூடாது. 60 பவுண்டில் எய்பவர் 50 அல்லது 52-க்கு இறங்கினால் ஒன்றும் குறைந்துவிடாது. கூர்மையான முனையும் சரியான இடமும் இருந்தால் வெண்வால் மானுக்கு அது தாராளம். மினசோட்டா சட்டம் கேட்கும் குறைந்தபட்சமே 30 பவுண்டுதான்.

இறக்கியது போதுமா என்று பார்க்க ஒரு சோதனை. நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, அம்பு பூட்டி, இலக்கை நோக்கியே இழுங்கள். வில்லை வானத்துக்குத் தூக்கித்தான் இழுக்க வருகிறதென்றால் இன்னும் குறைக்கவேண்டும். அந்தத் தூக்கலை மான் பார்த்துவிடும். விசை குறைந்தால் அம்பு சீக்கிரம் தாழும். அதனால் வில்லில் குறிபார்க்க உதவும் முள்களை மறுபடி சரிசெய்யாமல் காட்டுக்குப் போகாதீர்கள்.

அப்புறம், குளிர் உடையோடு பயிற்சி

காட்டில் போடப்போகும் அதே கோட்டு, தொப்பி, முகமூடியோடு எய்து பாருங்கள். கோட்டின் தடித்த கைப்பகுதியில் நாண் உரசினால் அம்பு விலகிப் போகும். முன்கையில் காப்புப்பட்டை கட்டி துணியை அமுக்குங்கள். முகமூடி இருந்தால் நாண் கன்னத்தில் படும் இடம் மாறும். கைக்கு மெல்லிய கையுறை போதும். இடுப்பில் கட்டி இரு கையையும் நுழைத்துக்கொள்ளும் உறையில் சூட்டுப்பொட்டலம் வைத்து, மான் வரும்வரை கையை அதற்குள்ளேயே வைத்திருங்கள். தடித்த கையுறைக்குள் விரலுக்கு ரிலீஸின் (நாணைப் பிடித்து விடுவிக்கும் கருவி) விசைப்பொத்தான் தெரியாது. இழுத்து முடிக்கும் முன்பே அம்பு பாய்ந்துவிடலாம். இழுக்கும்போது விரல் அந்த விசைப்பொத்தானுக்குப் பின்னால்தான் இருக்கவேண்டும்.

வில்லைக் குளிரிலேயே வையுங்கள்

வெதுவெதுப்பான வீட்டுக்குள் கொண்டுவந்தால் வில்லில் நீர் கோக்கும். மறுபடி வெளியே எடுத்ததும் அது உறையும். பூட்டிய கராஜே சரியான இடம். நாணுக்கு முன்கூட்டியே மெழுகு தடவுங்கள். கெட்டியான கிரீஸ் குளிரில் இறுகிவிடும், அதைத் தவிருங்கள். வெளியே நின்று மெதுவாக இழுத்து, காதைத் தீட்டிக் கேளுங்கள். அம்புதாங்கியில் சின்னக் கிறீச்சிட்டாலும் மெல்லிய கம்பளித் துணி ஒட்டுங்கள். காற்றில்லாத குளிர்நாளில் அந்த ஒலி மானுக்குத் தெளிவாகக் கேட்கும். தொலைவுமானியை உள்பாக்கெட்டில் வையுங்கள், குளிரில் பேட்டரி படுத்துவிடும். மரவில் என்றால், முழுசாக இழுக்கும் முன் பலமுறை பாதி இழுவை கொடுங்கள். அம்பில்லாமல் நாணை விடுவது எந்த வில்லுக்கும் ஆபத்து.

காட்டில்

கோட்டை முதுகில் கட்டிக்கொண்டு மெதுவாக நடங்கள். வேர்த்தால் பிறகு நடுங்குவீர்கள். பருத்தி வேண்டாம், கம்பளி போடுங்கள். மரத்தில் ஏறும் படிகளில் பனிக்கட்டி இருக்கும். தரையிலிருந்து ஏறும்போதே பாதுகாப்புப் பட்டையை மரத்தோடு மாட்டுங்கள். வில்லைக் கயிற்றில் தூக்கிக்கொள்ளலாம். துப்பாக்கிப் பருவமும் நடக்கும் நாட்களில் வில்லாளிக்கும் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு உடை கட்டாயம்.

டிசம்பர் மான் பசியோடு இருக்கும். அறுத்த சோளக்கொல்லையில் மிச்சத்தைத் தேடி மாலையில் வரும், அதனால் பிற்பகல் அமர்வே நல்லது. பயிற்சியில் 30 கஜத்தில் அடிப்பவர் இங்கே 20-க்குள் மட்டும் எய்யுங்கள். கை நடுங்கினால் விட்டுவிடுங்கள், காயப்பட்டு ஓடும் மான் படும் வேதனை கொடியது. அம்பு நெஞ்சில் பட்டாலும் அரைமணி நேரம் பொறுங்கள். வயிற்றில் பட்டிருந்தால் பல மணி நேரம். வெண்பனியில் ரத்தத் தடம் தெளிவாகத் தெரியும். ஆனால் புதுப்பனி கொட்டத் தொடங்கினால் தடம் மூடிவிடும். அப்போது காத்திருப்பைச் சுருக்கி, மெதுவாகத் தடம் பிடித்துப் போங்கள்.