ஆஸ்பத்திரிக்குப் பேஸ்புக் பக்கம் தொடங்கியாச்சு, அப்புறம்?

பல மருத்துவமனைகளின் பக்கங்களில் பண்டிகை வாழ்த்து, புது ஸ்கேன் மெஷினுக்கு ரிப்பன் வெட்டும் படம், வாங்கிய கேடயம், இவ்வளவுதான் இருக்கும். ராத்திரி 11 மணிக்கு, நாளைக்கு டெஸ்டுக்குச் சாப்பிடாமல் போகணுமா என்று போனைத் தடவிக்கொண்டிருப்பவருக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அதனால் முதலில் ரிசப்ஷனில் ஒரு நோட்டு வையுங்கள். ஒரு வாரம், போனில் வரும் கேள்விகளைக் கேட்டவர் கேட்ட வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். "தண்ணி குடிச்சுட்டு வரலாமா?", "குழந்தையை வார்டுக்குள்ள விடுவீங்களா?", "ரிப்போர்ட் வாங்க நானே வரணுமா?" அடுத்த சில மாதங்களுக்கு என்ன போடுவது என்ற கவலையே இருக்காது.

ஒரு கேள்விக்கு ஒரு வீடியோ, ஒரு நிமிடத்துக்குள். வணக்கம், லோகோ, மியூசிக் எல்லாம் வேண்டாம், எடுத்த எடுப்பிலேயே பதில்: "சர்க்கரைக்கு ஃபாஸ்டிங் டெஸ்டா? 8 மணி நேரம் எதுவும் சாப்பிடாதீங்க. வெறும் தண்ணி குடிக்கலாம், டீ காபி கூடாது." இதைப் பெரிய டாக்டர்தான் சொல்லணும் என்றில்லை, தினமும் ரத்தம் எடுக்கிற லேப் டெக்னீஷியன் சொன்னாலே போதும், ஆனால் வெளியிடும் முன் ஒரு டாக்டர் பார்த்துச் சரி சொல்லியே ஆகணும். எழுத்தும் ஓடட்டும், நிறையப் பேர் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள்.

படம் எடுக்கும்போது சிரிக்கிற நர்ஸை விடுங்கள், அவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பலகையில் நோயாளிகளின் பெயரும் படுக்கை எண்ணும் இருக்கலாம், கம்ப்யூட்டரில் யாருடைய ரிப்போர்ட்டாவது திறந்திருக்கலாம். குணமானவர் பேசும் வீடியோ என்றால் அதற்கென்று தனியாக எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஆபரேஷன் படிவத்தோடு சேர்த்து நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை, அந்த நேரத்தில் யார் முடியாது என்பார்கள்?

அதிகம் சறுக்குவது விமர்சனங்களுக்குப் பதில் எழுதும்போதுதான். ஒருவர் ஒரு ஸ்டார் கொடுத்துத் திட்டினால் கோபத்தில், "நீங்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். அவர் உங்களிடம் வந்தார் என்பதே ரகசியம், அவரே ஊரறியச் சொல்லியிருந்தாலும் நீங்கள் சொல்லக்கூடாது. 2019-இல் அமெரிக்காவில் ஒரு பல் மருத்துவமனை, யெல்ப் என்ற விமர்சனத் தளத்தில் எழுதிய பதிலில் நோயாளியின் விவரங்களைப் போட்டதற்காக 10,000 டாலர் கட்ட வேண்டியதாயிற்று. "உங்கள் வருத்தம் புரிகிறது. குறைகளைக் கேட்கும் அதிகாரியிடம் இந்த எண்ணில் பேசுங்கள், விவரங்களை இங்கே எழுத வேண்டாம்." இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். கமெண்டில் அறிகுறி சொல்லி மருந்து கேட்பவருக்கும் கிட்டத்தட்ட இதே பதில்தான்.

வாட்ஸ்அப் பிசினஸ் வைத்திருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பிராட்காஸ்ட் லிஸ்டில் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி) அனுப்புவது உங்கள் எண்ணை சேவ் செய்தவர்களுக்கு மட்டும்தான் போகும். சேவ் பண்ணச் சொல்லி பில் கவுண்ட்டரில் எழுதி ஒட்டுங்கள். அப்புறம் வேலை நேரம் முடிந்ததும் தானாகப் போகும் செய்தி ஒன்றை இன்றே போடுங்கள்: "இப்போது இந்தச் செய்தியை யாரும் பார்க்கவில்லை. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போன் செய்யுங்கள்", கீழே அந்த எண்.