சோழர் வரலாற்றைச் சிறுவர்களுக்கு எழுதுகையில் சறுக்கும் இடங்கள்

தஞ்சைப் பெரிய கோயில் என்றதும் கை தானாக எழுதிவிடும் வரிகள் இரண்டு: விமானத்தின் (கருவறைக்கு மேல் எழும் கோபுரம்) நிழல் தரையில் விழாது, உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல். இரண்டும் தவறு. காலையிலோ மாலையிலோ பிராகாரத்தில் நின்றால் நிழல் நீண்டு கிடப்பதைப் பத்து வயதுப் பிள்ளையே பார்த்துவிடும். அப்புறம் புத்தகத்தின் மற்ற பக்கங்களை அது எப்படி நம்பும்? சிகரமும் பல கற்களைப் பொருத்திக் கட்டியதுதான். ‘என்று சொல்வார்கள்’ எனச் சேர்த்தும் தப்பிக்க வேண்டாம்.

வியப்பு வேண்டுமானால் சுவரிலேயே இருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடல் பணி செய்த பெண்கள், 400 பேரின் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தவர், தெருவின் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு, எல்லாவற்றையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். (கலம் என்றால் 12 மரக்கால் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள், இன்று டெல்டாப் பிள்ளைகளுக்கே மூட்டைதான் தெரியும்.) கோயிலின் தலைமைக் கட்டடக் கலைஞரான பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரும் உண்டு. ‘ராஜராஜன் கட்டினான்’ என்று ஒரே வரியில் முடித்தால் இத்தனை பேரும் காணாமல் போகிறார்கள்.

அடுத்தது குடவோலை, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுத்து ஊர்ச் சபை வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறை. ‘ஊரே ஓட்டுப் போட்டது’ என்று எழுதுகிறார்கள். இந்த முறையைச் சொல்லும் கல்வெட்டு இருக்கும் உத்திரமேரூர் காவிரிக் கரையில் இல்லை, காஞ்சிபுரம் பக்கம்; அது பிராமணர்களின் சபை. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுப்படி வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், பொதுவாகக் கால் வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேல் இறை, அதாவது வரி, செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேத அறிவு. நடந்ததும் வாக்கெடுப்பு அல்ல, குலுக்கல். குடத்திலிருந்து ஓலையை எடுத்தது விவரம் அறியாத ஒரு சிறுவன்! வாசகன் வயதுப் பையன். அத்தியாயத்தை அவனிடமிருந்தே தொடங்கலாம்.

இரண்டு கரிகாலன்களை ஒருவராக்கிவிடும் குழப்பத்துக்கு ஒரு காலக்கோடு போதும். கல்லணையோடு சேர்த்துப் பேசப்படுபவன் சங்ககாலத்தவன். ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் 10-ஆம் நூற்றாண்டு.

ஓவியருக்குத் தனிக் குறிப்பு எழுதிக் கொடுங்கள், பாதிப் பிழை படத்தில்தான் நுழைகிறது. 1010-இல் பெரிய கோயிலில் நடக்கும் காட்சியில் இன்றைய பெரிய நந்தி வரக் கூடாது. அது நாயக்கர் காலத்தது. கரிகாலன் படத்தில் கல்லணைக்கு இரும்பு ஷட்டர் வேண்டாம். சோழர் அடுக்களையில் மிளகு இருக்கலாம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் போர்ச்சுக்கீசியர் கப்பல்கள் வந்த பிறகே இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவை.