கொயோட்டிக்கு எந்த ரைஃபிள்?

அமெரிக்கக் கிராமப்புறங்களில் கோழிக்கூண்டுப் பக்கம் கொயோட்டி (நரியைப் போன்ற காட்டு விலங்கு) வந்தால் பலர் கையில் எடுப்பது .22 எல்ஆர் என்ற சிறிய தோட்டாவைச் சுடும் ரைஃபிள். அது போதாது. 50 கஜத்தைத் தாண்டினால் கொயோட்டி காயத்தோடு ஓடி, எங்கோ கிடந்து துடிக்கும். அந்தப் பாவம் வேண்டாம். .22-இன் ஈயக் குண்டு கல்லில் பட்டுத் தெறிக்கவும் செய்யும்.

.223 ரெமிங்டன் என்ற தோட்டாவுக்கான ரைஃபிள் வாங்குங்கள். 7 பவுண்டு ரைஃபிளில் தோளில் உதைப்பது அதைவிட வலிமையான .243 தோட்டாவின் உதைப்பில் பாதிகூட இருக்காது, தோட்டாவும் எளிதில் கிடைக்கும். போல்ட் ஆக்‌ஷனில் (ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) சாவேஜ் ஆக்சிஸ், ரூகர் அமெரிக்கன் இரண்டும் விலை குறைந்தவை. 50–55 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) பாலிமர் (பிளாஸ்டிக்) முனைக் குண்டு போடுங்கள்: உடலுக்குள்ளேயே சிதறுவதால் மறுபக்கம் துளைத்துப் போவது குறைவு. குழலில் .223 என்று மட்டும் பொறித்திருந்தால் அதே அளவுள்ள 5.56 ராணுவத் தோட்டா கூடாது, அழுத்தம் எல்லை மீறும். ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) 100 கஜத்துக்குச் சரிசெய்தால் போதும்.

பக்கத்தில் வீடுகள் இருந்தால் .22 எல்ஆரைவிட வலிமையான .22 மேக்னம், சத்தம் குறைவு, ஆனால் 100 கஜத்துக்குள்தான். எதுவானாலும் இலக்குக்குப் பின்னால் மண்மேடு இல்லையென்றால் சுடாதீர்கள். காது மூடி கட்டாயம். இரவில் சுடலாமா, வீட்டிலிருந்து எத்தனை தூரம் என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வாங்கும் முன்பே விசாரியுங்கள்.