ஐரோப்பியச் சந்தைப் பரிவர்த்தனை அறிக்கை: தரவைத் திரட்டுவது முதல் திருத்தி அனுப்புவது வரை, புதியவர்களுக்கான செய்முறை

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள அலுவலகங்களில், லண்டன், ஃபிராங்க்ஃபர்ட் நகரங்களின் வங்கிகளுக்காக ஒழுங்காற்று அறிக்கைப் பணி பார்க்கும் பிரிவுகள் பல உண்டு. அப்படியொரு பிரிவில் புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாளே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பைக் காட்டி, "இது தினமும் போக வேண்டும்" என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கோப்பு எதற்காகப் போகிறது, அதில் உள்ள ஒவ்வொரு மதிப்பும் எங்கிருந்து வருகிறது, எது தவறினால் என்ன ஆகும் என்பதைப் பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்தச் செய்முறை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மிஃபிர் ஒழுங்குமுறை, அதாவது 2014-ஆம் ஆண்டின் 600-ஆம் எண் ஒழுங்குமுறை, 2018 ஜனவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 26-ஆம் பிரிவின்படி, ஒரு முதலீட்டு நிறுவனம் தான் நிறைவேற்றிய ஒவ்வொரு வர்த்தகத்தையும் பற்றிய விவரத்தை, அடுத்த வேலை நாள் முடிவதற்குள் தன் நாட்டு ஒழுங்காற்று ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த விவரம் 65 புலங்கள், அதாவது நிரப்ப வேண்டிய 65 தகவல் இடங்கள், கொண்டது. உள்தகவலைக் கொண்டு வாங்கி விற்பவர்களைத் தேட ஆணையம் அதைப் பயன்படுத்துகிறது. ஒன்றியத்திலிருந்து விலகிய பிறகு பிரிட்டன் இதே ஏற்பாட்டைத் தன் சட்டமாக வைத்துக்கொண்டது. அங்கே அறிக்கையைப் பெறுவது எஃப்.சி.ஏ. என்ற நிதி ஒழுங்காற்று ஆணையம். இரு தரப்பிலும் விதிகளைத் திருத்தும் வேலை நடந்துவருவதால், இங்கே சொல்வதைப் பின்பற்றும்போது நடப்பில் உள்ள விதி நூலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2019-ஆம் ஆண்டே போதும். மிஃபிருக்கு முந்தைய விதிகளின் கீழ், ஏறத்தாழ பத்தாண்டுக் காலத்தில் 22 கோடிக்கும் மேற்பட்ட அறிக்கைகளில் நேர்ந்த தவறுகளுக்காக, கோல்ட்மேன் சாக்ஸின் பிரிட்டன் நிறுவனத்துக்கு எஃப்.சி.ஏ. 3.43 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. அவற்றில் சுமார் 66 லட்சம், அனுப்பவே தேவையில்லாத அறிக்கைகள். குறைவாக அனுப்புவது மட்டுமல்ல, கூடுதலாக அனுப்புவதும் தவறுதான் என்பதை இதிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: மூல அட்டவணை

நிரல் எழுதுவதற்கு முன், 65 புலங்களுக்கும் ஓர் அட்டவணை தயாரியுங்கள். ஒவ்வொரு புலத்துக்கும் நான்கு விவரங்கள் வேண்டும்: மதிப்பு எந்த அமைப்பிலிருந்து வருகிறது, வழியில் என்ன மாற்றம் செய்யப்படுகிறது, அந்தத் தரவுக்கு எந்தப் பிரிவு பொறுப்பு, மதிப்பு இல்லாமல் வந்தால் என்ன செய்வது.

இவற்றில் மூன்றாவதை நிரப்புவதுதான் கடினம். விலையும் அளவும் வர்த்தக மேசையின், அதாவது வாங்கி விற்கும் பிரிவின், அமைப்பிலிருந்து வரும். வாடிக்கையாளரின் பிறந்த தேதியோ கணக்குத் தொடங்கும் பிரிவிடம் இருக்கும். முதலீட்டு முடிவை எடுத்தவர் யார் என்ற 57-ஆம் புலத்துக்கு மனிதவளப் பிரிவின் பணியாளர் பட்டியலைத் தொட வேண்டியிருக்கும். "ஐடி பார்த்துக்கொள்ளும்" என்று எழுதப்பட்ட வரி ஒவ்வொன்றும் பின்னாளில் பொறுப்பாளர் இல்லாத பிழையாகத் திரும்பி வரும் என்பது என் அனுபவம். ஒரு பிரிவின் பெயரும், கேட்டால் பதில் சொல்லும் ஒரு பதவியின் பெயரும் இல்லாமல் எந்த வரியையும் முடிக்காதீர்கள்.

இரண்டாம் படி: எதை அனுப்ப வேண்டும்?

எல்லா வர்த்தகமும் இதற்குள் வராது. ஐரோப்பியச் சந்தைத் தளம் ஒன்றில் வணிகமாகும் பங்கு, கடன் பத்திரம் போன்றவையும், அவற்றை அடிப்படையாகக் கொண்ட வழித்தோன்றல் (டெரிவேட்டிவ்) ஒப்பந்தங்களுமே வரும். ஒரு பத்திரம் அந்தப் பட்டியலில் உள்ளதா என்பதை ஒன்றியத்துக்கு எஸ்மா என்ற சந்தை ஒழுங்காற்று அமைப்பும், பிரிட்டனுக்கு எஃப்.சி.ஏ.வும் வெளியிடும் ஃபிர்ட்ஸ் என்ற பட்டியல் கோப்புகள் காட்டும். அந்தக் கோப்பைத் தினமும் தானாக இறக்கிக்கொள்ளும்படி அமைத்து, வர்த்தகம் நடந்த தேதியின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். இன்றைய பட்டியலோடு நேற்றைய வர்த்தகத்தை ஒப்பிட்டால், புதிதாகச் சேர்ந்ததும் நீங்கியதும் குழம்பிவிடும்.

மூன்றாம் படி: அடையாளக் குறியீடுகள்

நிறுவனங்களுக்கு எல்.இ.ஐ. என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 20 இடக் குறியீடு உண்டு. 2008-இல் அமெரிக்க முதலீட்டு வங்கியான லீமன் பிரதர்ஸ் சரிந்தபோது, யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டியிருக்கிறது என்பதைக் கண்டறிய ஒழுங்காற்று அமைப்புகள் திணறியதன் விளைவாகப் பிறந்த ஏற்பாடு இது. எல்.இ.ஐ. இல்லாத நிறுவன வாடிக்கையாளருக்காக அறிக்கைக்கு உட்பட்ட வர்த்தகத்தைச் செய்யவே கூடாது. ஆகையால் சோதனை, அறிக்கை தயாராகும் இரவில் அல்ல, ஆர்டர் நுழையும் இடத்திலேயே இருக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தின் சொந்த எல்.இ.ஐ.யை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் மறக்காதீர்கள்.

பத்திரங்களுக்கு ஐசின் என்ற 12 இடக் குறியீடு. அதன் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். அதை ஒருமுறை கையால் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ஆப்பிள் நிறுவனப் பங்கின் ஐசின், யூ, எஸ் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தொடர்ந்து 0378331005 என்று வரும். ஆங்கில எழுத்துகளுக்கு ஏ 10, பி 11 என்று தொடங்கி இஸட் 35 வரை எண் கொடுத்தால், யூ 30, எஸ் 28. கடைசி 5-ஐ ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதை வரிசையாக எழுதினால் இப்படி அமையும்:

3 0 2 8 0 3 7 8 3 3 1 0 0

வலக்கோடியிலிருந்து தொடங்கி, ஒன்று விட்டு ஒன்றாக இரட்டிப்பாக்க வேண்டும். இரட்டித்தது இரண்டு இலக்கமானால் அவற்றைக் கூட்ட வேண்டும். இங்கே 7 மட்டும் 14 ஆகி, 1-ம் 4-ம் சேர்ந்து 5 ஆகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் 45. அடுத்த பத்தின் மடங்கான 50-க்கு இன்னும் 5 தேவை. ஒதுக்கி வைத்த இலக்கமும் 5. குறியீடு சரி.

இந்தச் சோதனை பெரும்பாலான தட்டச்சுப் பிழைகளைப் பிடிக்கும். ஆனால் ஒரு நிறுவனத்தின் சாதாரணப் பங்கை வாங்கிவிட்டு அதன் முன்னுரிமைப் பங்கின் ஐசினை எழுதியிருந்தால், அந்த ஐசினும் கணக்கில் தேறிவிடும். வடிவம் சரியாக இருப்பது வேறு, உண்மையாக இருப்பது வேறு. இந்த வேறுபாடு இனி வரும் படிகளிலும் நம்மை விடாது.

தனிநபர்களின் அடையாளம்தான் நம் ஊர்க்காரர்களுக்கு மிகவும் சிக்கலானது. நாடுவாரியாக எந்த அடையாள எண்ணுக்கு முன்னுரிமை என்பதை விதியே சொல்கிறது. இந்தியக் குடிமகனுக்கு முதலில் கடவுச்சீட்டு எண்; அது இல்லாவிட்டால், பிறந்த தேதியையும் பெயரையும் கோத்து உருவாக்கும் குறியீடு. ரவி குமார் என்பவர் 1985 ஆகஸ்ட் 15-இல் பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். ஐ, என் என்ற நாட்டுக் குறியீடு, அடுத்து 19850815, அடுத்து ஆங்கிலத்தில் எழுதிய முதற்பெயரின் ஐந்து எழுத்து, அடுத்து குடும்பப் பெயரின் ஐந்து எழுத்து. ரவி ஆங்கிலத்தில் நான்கே எழுத்து என்பதால், ஐந்தாவது இடத்தை # குறியால் நிரப்ப வேண்டும்.

சரி, தலைப்பெழுத்தோடு "சு. ரவி" என்று மட்டும் எழுதுபவருக்குக் குடும்பப் பெயர் எது? தந்தை பெயரைக் கடவுச்சீட்டில் விரித்து எழுதியிருப்பார். வங்கிப் படிவத்தில் ஓரெழுத்தாக விட்டிருப்பார். ஒரு மனிதர், இரண்டு கணக்கு, இரண்டு குறியீடு. உள்தகவலைக் கொண்டு யார் வாங்கினார் என்று தேடும் ஆணையத்தின் கண்ணுக்கு அவர் இரண்டு ஆளாகத் தெரிவார். எனவே பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே, முதற்பெயர், குடும்பப் பெயர் என்று தனித்தனிப் புலங்களில், கணக்குத் தொடங்கும்போதே வாங்கிக்கொள்ளுங்கள். பின்னர் முழுப்பெயரை வெட்டிப் பிரிக்க நிரல் எழுதுவது, நான் பார்த்தவரை, எப்போதும் வம்பிலேயே முடிந்திருக்கிறது.

இவை அந்தரங்கத் தகவல்கள் என்பதால், சோதனைச் சூழலில் உண்மையான கடவுச்சீட்டு எண்களைப் பயன்படுத்தாதீர்கள்.

நான்காம் படி: நேரம்

அறிக்கையின் 28-ஆம் புலம், வர்த்தகம் நடந்த தேதியும் நேரமும். அது எப்போதும் உலகப் பொது நேரத்தில், அதாவது யூ.டி.சி.யில், இருக்க வேண்டும். ஜூலை மாதம் லண்டனில் காலை 9:15-க்கு நடந்த வர்த்தகம் யூ.டி.சி.யில் 8:15, அப்போது சென்னையில் பிற்பகல் 1:45. ஜனவரியிலோ லண்டன் நேரமும் யூ.டி.சி.யும் ஒன்று. எந்த அமைப்பு எந்த நேரத்தில் எழுதுகிறது என்பதை மூல அட்டவணையில் தனி நெடுவரிசையாகச் சேர்த்துவிடுங்கள்.

யாராவது லண்டன் கோடைக்கால நேரத்தை அப்படியே யூ.டி.சி. என்று எழுதிவிட்டால், எந்தச் சரிபார்ப்பும் அதை நிராகரிக்காது. அதுவும் முறையான ஒரு நேரம்தானே. கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. லண்டன் பங்குச் சந்தை உள்ளூர் நேரம் காலை 8:00 முதல் மாலை 4:30 வரை இயங்குகிறது. கோடையில் அது யூ.டி.சி. 7:00 முதல் 15:30 வரை. ஒரு ஜூலை நாளின் அறிக்கைகளை மணிவாரியாக எண்ணிப் பாருங்கள். 7 மணி வரிசை காலியாகவும், சந்தை மூடிய பிறகான 16 மணி வரிசை நிறைந்தும் இருந்தால், கடிகாரம் ஒரு மணி நேரம் தள்ளி நிற்கிறது என்று பொருள்.

கடிகாரத் துல்லியத்துக்கும் வரம்பு உண்டு. அதிவேக இயந்திர வணிகத்தில் யூ.டி.சி.யிலிருந்து 100 மைக்ரோ விநாடிக்கு மேல் விலகக் கூடாது. தொலைபேசி வழி வணிகத்துக்கு ஒரு விநாடி. பெரும்பாலான மற்ற மின்னணு வணிகத்துக்கு ஒரு மில்லி விநாடி. சர்வர் பிரிவிடம் ஒத்திசைவுப் பதிவுகளைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

ஐந்தாம் படி: விலையும் அளவும்

லண்டனில் பங்கு விலையைப் பென்ஸில் சொல்வது வழக்கம். அறிக்கையிலோ பவுண்டில் எழுத வேண்டும். 250 பென்ஸ் என்பதை 2.50 ஆக்காமல் விட்டால் விலை நூறு மடங்காகும். கடன் பத்திரத்துக்குப் பொதுவாக விலை சதவீதத்திலும், அளவு முகமதிப்புத் தொகையிலும் வரும்.

ஆறாம் படி: அனுப்புதலும் பதிலும்

கோப்பு, நிதிச் செய்திகளுக்கான ஐ.எஸ்.ஓ. 20022 தரத்திலான எக்ஸ்எம்எல். பெரும்பாலான நிறுவனங்கள் நேரடியாக அனுப்பாமல், ஆர்ம் என்று அழைக்கப்படும் அங்கீகாரம் பெற்ற இடைநிலை நிறுவனம் வழியாக அனுப்புகின்றன. அப்படி அனுப்பும்போது இரண்டு பதில்களுக்குக் காத்திருக்க வேண்டும்: ஆர்மின் பதில், ஆணையத்தின் பதில். முதல் பதில் வந்ததுமே வேலை முடிந்ததாக எண்ணுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

ஒரு எச்சரிக்கை: அனுப்பும் வழியில் எக்செல் எங்கும் நுழையக் கூடாது. என் முதல் ஆண்டில், நான் வேலை பார்த்த இடத்தில், ஒரே ஒரு நாள் கோப்பை எக்செலில் திறந்து ஒரு வரியைத் திருத்திச் சேமித்தேன். எங்கள் வர்த்தகக் குறிப்பு எண்கள் 18 இலக்கம். எக்செல் காப்பது 15 இலக்கம் மட்டுமே. கடைசி மூன்றும் பூஜ்ஜியமாகி, அடுத்தடுத்த வர்த்தகங்களெல்லாம் ஒரே எண்ணைச் சுமந்து போய், நகல் என்று நிராகரிக்கப்பட்டன. நிராகரிப்பு வந்ததால் தப்பித்தோம். ஏற்கப்பட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஏழாம் படி: ஒப்பிட்டுச் சரிபார்த்தல்

ஏற்கப்பட்ட அறிக்கை உண்மையான அறிக்கைதானா என்பதை இந்தப் படியில்தான் பார்க்கிறோம். நிறுவனம் தன் வர்த்தக மேசையின் பதிவுகளை, ஆணையத்திடமிருந்து பெறும் மாதிரித் தரவோடு தவறாமல் ஒப்பிட வேண்டும் என்று விதியே சொல்கிறது. நடுவில் உள்ள உங்கள் தரவுக்கிடங்கோடு ஒப்பிடுவது போதாது. கிடங்கில் புகும்போதே பிழை நேர்ந்திருந்தால் இரு பக்கமும் பொருந்திவிடும். மேசையின் பதிவு, ஆணையத்தின் தரவு என்ற இரண்டு முனைகளையும் பிடியுங்கள்.

மூன்று திசைகளில் பாருங்கள்: மேசையில் இருந்து அறிக்கையில் இல்லாதவை, அறிக்கையில் இருந்து மேசையில் இல்லாதவை, இரண்டிலும் இருந்து மதிப்பு மாறியவை. மூன்றாவதற்கு, ஒரு சில வர்த்தகங்களை எடுத்து, 65 புலங்களையும் மூல ஆவணத்தோடு கண்ணால் ஒப்பிடுவதை விடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. வாங்குபவரும் விற்பவரும் இடம் மாறியிருப்பதை நான் கண்டதெல்லாம் இப்படித்தான்.

எட்டாம் படி: திருத்தமும் பாதுகாப்பும்

தவறான அறிக்கையை மேலெழுத முடியாது. முதலில் அதை ரத்து செய்யும் அறிக்கை, பிறகு சரியான புதிய அறிக்கை. தவறு தெரிந்ததும் ஆணையத்துக்குத் தாமதமின்றித் தெரிவிப்பதும் கடமை. எல்லாம் திருத்திய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள்.

ஆர்டர், வர்த்தகப் பதிவுகளை ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும். அவற்றோடு அனுப்பிய கோப்புகள், வந்த பதில்கள், அன்று இயங்கிய நிரலின் பதிப்பு, முதல் படியில் தயாரித்த மூல அட்டவணையின் அன்றைய வடிவம் ஆகியவற்றையும் தேதியிட்டுச் சேர்த்து வையுங்கள். நான்கு ஆண்டு கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை வர்த்தகத்தைக் குறிப்பிட்டு, இந்த 57-ஆம் புலத்துக்கு இந்த மதிப்பு எப்படி வந்தது என்று கடிதம் வரும்போது, அந்த அட்டவணையைத் தயாரித்தவர் பெரும்பாலும் வேறு வேலைக்குப் போயிருப்பார்.