கவச வண்டியில் தகட்டின் தடிமன் மட்டும் போதுமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலாட்படை வீரர்களை ஏற்றிச் செல்லும் கவச வண்டி என்றதும் பலர் கேட்கும் முதல் கேள்வி, "தகடு எத்தனை மில்லிமீட்டர்?" என்பதுதான். அதற்கு விடை கிடைத்தாலும், உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் பிழைப்பார்களா என்பது தெரியாது. எந்த ஆயுதம், எந்தத் திசை, எவ்வளவு தூரம் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொல்லாத கவசக் கணக்கை நம்பி ஆட்களை ஏற்றக் கூடாது. வண்டியை வாங்குபவர், பழுது பார்ப்பவர், அதில் ஏறிப் போகிறவர், அதைப் பற்றி எழுதுகிறவர் என எல்லோரிடமும் திரும்பத் திரும்பத் தென்படும் பிழைகளை இங்கே பார்ப்போம்.

ஒற்றை எண்ணில் பாதுகாப்பை அளப்பது

நேட்டோ நாடுகள் வகுத்த ஸ்டானாக் 4569 தரம்தான் இன்று பல நாடுகளின் விளம்பரத் தாள்களில் இடம்பெறுகிறது. "நிலை 4 பாதுகாப்பு" என்று அச்சிட்டிருந்தால், 14.5 மி.மீ. கவசத்துளைப்புத் தோட்டாவை 200 மீட்டர் தூரத்திலிருந்து சுட்டால் தாங்கும் என்று பொருள். அதே துப்பாக்கி 50 மீட்டரில் இருந்தால் அந்தச் சான்று எதையும் உறுதி சொல்லவில்லை. நிலை 3 என்பது 7.62 மி.மீ. கவசத்துளைப்புத் தோட்டாவை 30 மீட்டரில் தாங்குவது. நிலை 5இல் 25 மி.மீ., நிலை 6இல் 30 மி.மீ. பீரங்கிக் குண்டுகள் வருகின்றன. இரண்டுக்கும் தூரம் 500 மீட்டர். இந்த மேல் நிலைகள் இரண்டும் வண்டியின் முன்புறத்தில், நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 30 பாகைக்குள் வரும் தாக்குதலைத்தான் கணக்கில் எடுக்கின்றன. "30 மி.மீ. தாங்கும்" என்று சொன்ன வண்டியின் பக்கச் சுவர் நேர் பக்கத்திலிருந்து வரும் அதே குண்டைத் தாங்க வேண்டும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

கண்ணிவெடிக்குத் தனி வரிசை உண்டு. நிலை 2க்கு 6 கிலோ வெடிமருந்து, நிலை 3க்கு 8 கிலோ, நிலை 4க்கு 10 கிலோ. எண்ணுக்குப் பின் "ஏ" இருந்தால் வெடி சக்கரத்துக்கோ சங்கிலிப் பட்டைக்கோ அடியில் வைக்கப்பட்டது. "பி" இருந்தால் வயிற்றுப் பகுதிக்கு நேர் கீழே. இந்த ஓர் எழுத்தில் உயிர் இருக்கிறது. தோட்டாவுக்கு நிலை 4 வாங்கிய வண்டி, கண்ணிவெடிக்கு 2ஏ மட்டுமே வாங்கியிருக்கலாம். சான்றிதழைப் பார்க்கும்போது இரண்டு வரிசைகளையும் தனித்தனியாகக் கேளுங்கள். மேலே சொன்ன எந்த நிலையும் ஆர்பிஜி, அதாவது தோளில் வைத்து ஏவும் கவச எதிர்ப்புக் குண்டு, பற்றி ஒரு சொல்கூடச் சொல்வதில்லை என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

இந்தியாவில் இதற்குக் கசப்பான பாடம் உண்டு. தென்னாப்பிரிக்காவின் காஸ்பிர் வண்டி, சக்கரத்தின் அடியில் 21 கிலோ டிஎன்டியும் உடலின் அடியில் 14 கிலோவும் வெடித்தால் உள்ளிருப்போரைக் காக்கும்படி வடிவமைக்கப்பட்டது. இந்திய இராணுவம் அதை வாங்கியது. பின்னர் தெலங்கானாவின் மேடக் தளவாடத் தொழிற்சாலை அதே வழியில் ஆதித்யா வண்டியைக் கட்டியது. 2005 செப்டம்பரில் சத்தீஸ்கரின் பிஜாப்பூர் பகுதியில் மாவோயிஸ்டுகள் சாலைக்கடியில் புதைத்த வெடியில் இத்தகைய கண்ணிவெடிக் காப்பு வண்டி ஒன்று சிக்கி, 24 பேர் இறந்தனர். தொழிற்சாலையில் செய்த கண்ணிவெடிக்கு அளவு உண்டு. பாலத்துக்கடியில் ஆற அமரத் திணிக்கும் வெடிமருந்துக்கு அளவு கிடையாது. "கண்ணிவெடி தாங்கும் வண்டி" என்ற பெயரை நம்பி, பாதையைச் சோதிக்கும் குழுவை நிறுத்திவிடுவதைவிடப் பெரிய தவறு இந்தத் துறையில் இல்லை.

சாய்வு எடையைக் குறைக்கும் என்ற நம்பிக்கை

தகட்டைச் சாய்த்து வைத்தால் தோட்டா கடக்க வேண்டிய தூரம் கூடும். செங்குத்திலிருந்து 60 பாகை சாய்த்தால் 10 மி.மீ. தகடு, நேர் கிடையாக வரும் தோட்டாவுக்கு 20 மி.மீ. ஆகிறது. ஆனால் அதே உயரத்தை மறைக்க இப்போது இரு மடங்கு நீளத் தகடு வேண்டும். ஆக எடை, 20 மி.மீ. தகட்டை நேராக நிறுத்தினால் வரும் அதே எடைதான். சாய்வின் உண்மையான லாபம் வேறு: தோட்டா வழுக்கித் திசை மாறும், உடையும். நீண்ட ஈட்டி போன்ற இன்றைய டங்ஸ்டன் குண்டுகள் அவ்வளவு எளிதில் வழுக்குவதில்லை. சாய்வு, உள்ளே ஆட்கள் உட்காரும் இடத்தையும் தின்றுவிடும். சோவியத் வடிவமைப்பான பிஎம்பி காலாட்படை வண்டிகளில் முன்மூக்கு அவ்வளவு கூராக இருந்தும் பின்னால் வீரர்கள் முழங்காலை மடக்கி நெருக்கியடித்து உட்கார வேண்டியிருப்பதைப் பார்த்தால், தாழ்வான உருவத்துக்கும் சாய்வுக்கும் கொடுத்த விலை புரியும்.

எடைக்கு ஒரு கணக்கு: ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. எஃகு 7.85 கிலோ. இரு பக்கச் சுவர்களும் சேர்ந்து 14 சதுர மீட்டர் என்றால், 10 மி.மீ. கூடுதல் தகடு ஏறத்தாழ 1.1 டன். பொருத்தும் கம்பிகளும் திருகாணிகளும் தனி. இந்தியாவின் சரத், அதாவது மேடக்கில் கட்டப்படும் பிஎம்பி-2, 14.3 டன் எடையுள்ளது. அதன் 300 குதிரைத்திறன் யுடிடி-20 எஞ்சின் நம் ஆவடி எஞ்சின் தொழிற்சாலையில் தயாராகிறது. டன்னுக்கு 21 குதிரைத்திறன் கிடைக்கிறது. மூன்று டன் ஏற்றினால் 17க்குச் சற்று மேல்தான். நீந்தும் திறன் அதற்கு முன்பே போய்விடும். ஆப்கானிஸ்தானில் சோவியத் படை கூடுதல் தகடு மாட்டிய பிஎம்பி-2டி வண்டிகள் அப்படித்தான் நீந்தும் திறனை இழந்தன. மலைப்பாதையில் அது தேவைப்படவில்லை என்பதால் அது சரியான முடிவு. ஆறுகள் குறுக்கிடும் பஞ்சாப் சமவெளியில் அதே முடிவு சரியாகாது. எனவே தகடு சேர்க்கும் முன் சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள், அதிர்வு தாங்கிகள், பிரேக், சங்கிலிப் பட்டை ஆகியவை அந்த எடைக்கு மாற்றப்படுகின்றனவா என்று கேட்பது கட்டாயம்.

ஆர்பிஜிக்கு எதிராகத் தகடு சேர்ப்பது

ஆர்பிஜி-7 ஏவியில் பயன்படும் பிஜி-7விஎல் குண்டு ஏறத்தாழ 500 மி.மீ. எஃகைத் துளைக்கும். பிஎம்பி-2இன் பக்கச் சுவர் 20 மி.மீ.க்கும் குறைவு. அதன் மேல் 10 மி.மீ. சேர்த்தால் கனரகத் துப்பாக்கிக்கு எதிராக நல்ல பயன் உண்டு. ஆர்பிஜிக்கு எதிராக ஒன்றுமே மாறாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு "கவசம் கூட்டியாயிற்று" என்று நினைப்பது ஆபத்து.

வண்டியைச் சுற்றி மாட்டும் கம்பிக் கூண்டு வேலை செய்யும் விதமும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. குண்டைத் தள்ளி நின்று வெடிக்கவைத்து அதன் வலுவைக் குறைப்பதற்கே கூண்டு என்று பலர் நினைக்கிறார்கள். அரை மீட்டர்கூட இல்லாத இடைவெளி, குண்டு வெடிக்கும்போது உருவாகிக் கவசத்தைத் துளைக்கும் மெல்லிய உலோகத் தாரையைச் சிதைக்காது. சில சமயம் அதற்கு இன்னும் தோதான தூரமாகிவிடும். கூண்டின் வேலை, குண்டை வெடிக்கவிடாமல் செய்வது. ஆர்பிஜி குண்டின் மூக்கில் இருக்கும் அழுத்த மின்கலம் உள்கூம்பு வழியாகப் பின்னால் உள்ள தூண்டிக்கு மின்சாரம் அனுப்புகிறது. மூக்கு இரு கம்பிகளுக்கு இடையே நுழைந்து, உடல் சிக்கி நசுங்கினால் உள்கூம்பும் வெளிக்கூம்பும் ஒட்டிக்கொண்டு மின்சுற்று குறுக்காகிவிடும். மூக்கு நேராகக் கம்பியிலேயே பட்டால் குண்டு வழக்கம் போல் வெடிக்கும். நன்றாகச் செய்த கூண்டுகூட ஏறத்தாழ பாதி வாய்ப்புத்தான் தரும்.

ஆகவே கம்பி இடைவெளி குண்டின் விட்டத்தை ஒட்டியே அமைய வேண்டும். ஆர்பிஜி-7இன் கவச எதிர்ப்புக் குண்டுகளில் விட்டம் 70 மி.மீ. முதல் 105 மி.மீ. வரை மாறுகிறது, ஒன்றுக்குப் பொருத்தமான இடைவெளி மற்றொன்றுக்குத் தோற்கும். கையில் கிடைத்த கட்டுமானக் கம்பியை வளைத்துக் கட்டும் கூண்டுகளில் இடைவெளி கண்டபடி இருக்கும், கம்பி தடித்திருக்கும். தடித்த கம்பி, மூக்கு மோதும் வாய்ப்பைத்தான் கூட்டுகிறது. வளைந்த கம்பியை நிமிர்த்தாமல் விடுவதும் அதே பிழை. வேறு வகைத் தூண்டி உள்ள ஏவுகணைகளுக்கு எதிராகக் கூண்டை நம்பவே கூடாது.

வெடிக்கவசப் பெட்டிகள் வேறு வகை. இரு எஃகுத் தகடுகளுக்கு நடுவே வெடிமருந்து. தாரை பட்டதும் தகடுகள் பறந்து தாரையைக் குறுக்கே வெட்டும். குறுக்கே வெட்ட வேண்டுமானால் பெட்டி சாய்ந்திருக்க வேண்டும். செங்குத்துச் சுவரில் தட்டையாக ஒட்டிய பெட்டியில் நேராகப் படும் குண்டுக்கு எதிராக அதன் பலன் வெகுவாகக் குறைகிறது. மெல்லிய சுவர் கொண்ட வண்டியில் பின்தகடு உள்நோக்கிப் பாய்ந்து சுவரையே உடைக்கும். இடைவெளி விட்டுத் தாங்கிகளில் மாட்டாமல் நேரடியாகப் பொருத்துவது தற்கொலைக்குச் சமம். வெடிக்கும் பெட்டிகள் வண்டியை ஒட்டி நடக்கும் சொந்த வீரர்களையும் தாக்கும் என்பதால், இறங்கிய குழு எவ்வளவு விலகி நடக்க வேண்டும் என்பதைப் பயிற்சியிலேயே பழக்க வேண்டும்.

உள்ளே நடப்பதை மறப்பது

கவசம் துளைபட்டதும் எல்லோரும் இறந்துவிடுவார்கள் என்பதும், துளைபடாவிட்டால் எல்லோரும் பிழைப்பார்கள் என்பதும் இரண்டுமே தவறு. துளைத்த தாரையைவிட, சுவரின் உட்புறத்திலிருந்து உடைந்து விசிறி போல் பரவும் சிதறல்கள்தான் பலரைக் காயப்படுத்துகின்றன. இதற்குத்தான் அராமிட் இழையால் (கெவ்லார் போன்றது) செய்த உள்விரிப்பு. 1960களில் வந்த அமெரிக்கக் கவச வண்டியான எம்113க்கு ஆரம்பத்தில் அது இல்லை. 1980களின் ஏ3 வகையில்தான் உள்விரிப்பு சேர்ந்தது, எரிபொருள் தொட்டியும் உள்ளிருந்து வெளியே பின்புறம் போனது. என் பார்வையில், அந்த வண்டிக்குச் செய்த மேம்பாடுகளில் கிலோவுக்கு அதிக உயிர் காத்தவை இந்த இரண்டும்தான்.

அந்த விரிப்பில் வானொலிப் பெட்டியையோ அலமாரியையோ மாட்ட ஆணியடித்துத் துளையிடுவது பரவலாக நடக்கிறது. ஒவ்வொரு திருகாணியும் அடிபட்டால் தோட்டாவாகும். ஓரம் கிழிந்த விரிப்பு, எண்ணெய் ஊறிய விரிப்பு இரண்டையும் மாற்ற வேண்டும். பிஎம்பி-2இல் இன்னொரு சிக்கல்: முதன்மை எரிபொருள் தொட்டி, முதுகோடு முதுகு ஒட்டி அமரும் வீரர்களுக்கு நடுவே இருக்கிறது, பின்கதவுகளின் உள்ளறையிலும் டீசல். சண்டைக்குள் நுழையும் முன் கதவுத் தொட்டிகளைத் தீர்த்துவிடுவது எளிய, செலவில்லாத பாதுகாப்பு.

கீழிருந்து வரும் வெடியில், தரை கிழியாவிட்டாலும் அது சில மில்லி விநாடிகளில் மேலெழும்பித் தாக்கும். அதனால்தான் நேட்டோ சோதனையில் பொம்மை மனிதரின் கீழ்க்காலில் 5.4 கிலோநியூட்டனுக்கு மேல் விசை ஏறக் கூடாது என்றும், முதுகெலும்பில் ஏறும் சுமையைக் கணிக்கும் குறியீடு 17.7ஐத் தாண்டக் கூடாது என்றும் வரம்பு வைத்தார்கள். இருக்கை தரையில் திருகப்பட்டிருந்தால் இந்த வரம்புகளைக் காப்பது மிகக் கடினம். பக்கச் சுவரிலோ கூரையிலோ தொங்கும் இருக்கையில் கால்தாங்கியும் இருக்கையோடு சேர்ந்து தொங்க வேண்டும். இடம் போதவில்லை என்று கால்தாங்கியைக் கழற்றிவிட்டுக் காலைத் தரையில் ஊன்றினால் கணுக்கால் எலும்பு நொறுங்கும். இருக்கை அமுங்கி இறங்கும் வெற்றிடத்தில் வெடிபொருள் பெட்டியைத் தள்ளி வைத்தால் அந்த இருக்கை வெறும் பலகைதான். தண்ணீர் கேன், கருவிப் பெட்டி, உதிரிச் சங்கிலிக் கண்ணி எல்லாவற்றையும் பட்டையால் கட்டுங்கள். நான்கு முனைப் பட்டியைக் குண்டு துளைக்காத அங்கிக்கு மேல் இறுக்கி மாட்டுங்கள்.

வியட்நாமில் அமெரிக்கர்களும் ஆப்கானிஸ்தானில் சோவியத் வீரர்களும் கண்ணிவெடிக்குப் பயந்து வண்டியின் கூரைமேல் ஏறிச் சென்றார்கள். அடித்தளம் பலவீனமான வண்டியில் அந்த முடிவுக்குக் காரணம் உண்டு. ஆனால் பாதையில் பதுங்கியிருக்கும் துப்பாக்கிக்கும் பீரங்கிச் சிதறலுக்கும் அவர்கள் முழு இலக்கானார்கள். எந்த ஆபத்து அந்தப் பாதையில் பெரிது என்று ஒவ்வொரு பயணத்துக்கும் தளபதி முடிவெடுக்க வேண்டும், பழக்கமாக்கிவிடக் கூடாது.

பட்டறையில் நடக்கும் பிழைகள்

பிரினெல் என்ற கடின அளவையில் ஏறத்தாழ 500 உள்ள கவச எஃகை 200 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் கடினம் இறங்கத் தொடங்கும். ஒரு கொக்கியைப் பற்றவைக்க வாயுச் சுடரால் சூடேற்றினால் சுற்றியுள்ள பகுதி சாதாரண எஃகைப் போல மென்மையாகிவிடும். வண்ணம் பூசியபின் யாருக்கும் தெரியாது. ஈரம் ஏறிய பற்றவைப்புக் குச்சி ஹைட்ரஜனைச் சேர்த்து விரிசலை உண்டாக்கும், அந்த விரிசல் உடனே தெரியாமல் ஓரிரு நாள் கழித்து வெளிப்படும். உலர்த்திய குச்சி, கவச எஃகுக்குரிய ஆஸ்டனிடிக் வகைக் குச்சி (விரிசலைத் தாங்கும் எஃகு), ஒவ்வொரு பற்றவைப்பு வரிசைக்கும் இடையே வெப்ப அளவு, 48 மணி நேரம் கழித்து மீண்டும் சோதனை. இதில் எதையும் விட்டுவிட முடியாது. அலுமினியக் கவசத்தில் பற்றவைத்த ஓரம் எப்போதும் மற்ற இடத்தைவிட மென்மையாகவே இருக்கும் என்பதால் அங்கே புதிய துளை போடவே கூடாது.

பீங்கான் கவசம் வெளியில் முழுதாகத் தெரிந்தாலும் உள்ளே உடைந்திருக்கலாம். கழற்றும்போது கீழே விழுந்த பலகையை அப்படியே திரும்ப மாட்டாதீர்கள். எக்ஸ்கதிர் எடுத்துப் பார்த்த பிறகே மாட்ட வேண்டும். ஒரு தோட்டா பட்ட ஓடு அடுத்த தோட்டாவைத் தாங்காது.

மேற்கூரை, வெளியேறும் வழி

பெரும்பாலான காலாட்படை வண்டிகளில் கூரைதான் மிக மெல்லிய இடம். உக்ரைனில் 2022க்குப் பிறகு மேலிருந்து பாயும் சிறு டிரோன்கள் அதைத்தான் குறிவைக்கின்றன. அவற்றைத் தடுக்கக் கூரைமேல் எழுப்பும் கூண்டுகள் பல வண்டிகளில் மேல்மூடிகளைப் பாதியில் தடுக்கின்றன. கூண்டு மாட்டிய அன்றே எல்லா மூடிகளும் முழுதாகத் திறக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு முழுச் சுமையோடு, இருட்டில், ஒவ்வொரு வீரரையும் தனித்தனியாக வெளியேறச் சொல்லுங்கள். எம்113இன் சரிவுக் கதவு இயந்திரக் கோளாறில் இறங்காமல் போனால் அதற்குள் பொருத்திய சிறு கதவு வழியாகத்தான் வர வேண்டும். அந்தச் சிறு கதவின் கைப்பிடிக்கு முன்னால் பைகளை அடுக்கி வைத்திருந்தால், வண்டி நகரும் முன்பே எடுத்துவிடுங்கள்.